புதுப்பிப்பு: கனெக்ஸில் மொத்த எண்ணிக்கையும் பக்கப் பட்டியலும் ஒரே வினவலிலிருந்து (தீர்ந்தது)

யோசனை சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

பிரச்சினை இதுதான்: கனெக்ஸில் (நோட் நிரல்களில் தரவுத்தள வினவல்களை எழுத உதவும் நூலகம்) வடிகட்டல்களை ஒருமுறை எழுதி, அதே வினவலிலிருந்து மொத்த எண்ணிக்கையையும் ஒரு பக்கத்துக்கான வரிசைகளையும் எடுக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக வந்தது. அடுத்து ஓடிய பட்டியல் வினவலை, குரூப் பை (வரிசைகளைக் குழுவாக்கும் பகுதி) இல்லை என்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் நிராகரித்தது.

உருவாகும் எஸ்க்யூஎல்லை டுஸ்ட்ரிங் போட்டு அச்சிடச் சொன்ன யோசனைதான் வழியைத் திறந்தது. பட்டியல் வினவலுக்குள் முந்தைய கவுண்ட் (எண்ணும் அழைப்பு) அப்படியே உட்கார்ந்திருந்தது. கனெக்ஸில் சங்கிலியாகக் கோக்கும் ஒவ்வொரு அழைப்பும் புதுப் பொருளைத் தராது, அதே பொருளையே மாற்றும். அதனால் வினவலைக் குளோன் (பிரதி) எடுக்கச் சொன்ன பரிந்துரைதான் சரியான தீர்வு: வடிகட்டல்கள் முடிந்ததும் ஒரு குளோனில் கவுண்ட், இன்னொன்றில் செலக்ட், ஆர்டர் பை, லிமிட், ஆஃப்செட். ஆர்டர் பை ஏற்கெனவே மூல வினவலில் இருந்தால், எண்ணும் பிரதியில் கிளியர்ஆர்டர் போட்டு அதை நீக்கிவிடுங்கள்.

ஒவ்வொரு வரிசையோடும் மொத்த எண்ணிக்கையைச் சேர்த்துத் தரும் கவுண்ட் ஓவர் வழியும் வேலை செய்கிறது. ஆனால் கடைசிப் பக்கத்தைத் தாண்டிக் கேட்டால் வரிசையே வராது, மொத்தமும் கிடைக்காது. அதனால் அதை விட்டுவிட்டேன்.

எதிர்பாராதது ஒன்று: போஸ்ட்கிரெஸில் கவுண்ட்டின் விடை பிக்இன்ட் (பெரிய முழு எண் வகை) என்பதால், நோடின் போஸ்ட்கிரெஸ் டிரைவர் அதை எண்ணாக அல்லாமல் சரமாக (எழுத்துத் தொடராக) தருகிறது. 20 உடன் 1 கூட்டினால் 201! நம்பர் போட்டு மாற்றிய பிறகே கணக்கிடுங்கள்.