அம்மாவைத் தூக்கும் லிஃப்டைச் சோதிக்க ஆள் வேண்டும்

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறோம். பக்கவாதம் வந்த அம்மாவைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்ற, பழைய ஹைட்ராலிக் லிஃப்ட் ஒன்று கிடைத்திருக்கிறது. ஆளை உட்காரவைத்துத் தூக்கும் தூக்குத்துணியில், கொக்கி மாட்டும் வளையத்தில் தையல் விட்டு நூல் தொங்குகிறது. பம்பு அடித்து நிறுத்தினாலும் தூக்கும் கை மெல்ல இறங்குகிறது. அதனால் அம்மாவை ஏற்றவே இல்லை.

அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுப் பார் என்கிறார்கள். எடை தாங்குமா என்று தெரியும், சரி. ஆனால் மூட்டை ஆளைப் போல ஒரு பக்கமாகச் சரியாது, பயந்து கம்பியைப் பிடிக்காது. இந்தக் கருவிகளுக்கென்றே ஐஎஸ்ஓ 10535 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. பிரிட்டனில் ஆளைத் தூக்கும் கருவியைப் பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று 1998 முதல் விதியே உண்டு.

நெல்லை, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் இதைச் சோதித்துத் தரும் பயோமெடிக்கல் டெக்னீஷியன் (மருத்துவக் கருவி பழுதுபார்ப்பவர்) யாராவது உண்டா? அப்புறம், புதுத் தூக்குத்துணி எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.