கிருஷ்ணகிரியில் பழைய பொருட்கள் வாங்குவது குறித்து

கேள்வி: பணி மாற்றலாகிக் கிருஷ்ணகிரிக்கு வந்துள்ளேன். பழைய மர அலமாரி ஒன்றும், பிள்ளைகளுக்குப் பழைய புத்தகங்களும் வாங்க விரும்புகிறேன். எங்கே தேடலாம்? உடுத்தக்கூடிய நிலையிலுள்ள துணிகளைக் கொடுக்கவும் எண்ணம் உண்டு.

பதில் 1: ஐயா, ஞாயிறுதோறும் கூடும் போச்சம்பள்ளிச் சந்தைக்குக் காலையிலேயே சென்று வியாபாரிகளிடம் விசாரியுங்கள். அலமாரியின் அடிப்பலகையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். குண்டூசி முனையளவு துளைகளிலிருந்து மாவுபோல் தூள் உதிர்ந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஏனெனில் மரத்தைத் துளைக்கும் வண்டு மற்ற மரச்சாமான்களுக்கும் பரவிவிடும்.

பதில் 2: புத்தகங்களுக்குப் பெங்களூரு அவென்யூ சாலை நல்ல இடம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 2018, 2019ஆம் ஆண்டுகளில் மாறியதால், அச்சான ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

பதில் 3: துணிகளைத் துவைத்து, அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுங்கள் ஐயா. பெற்றுக்கொள்பவரும் அதை நாலு பேர் முன்னிலையில் உடுத்த வேண்டியவர்தானே.