மறு: ஓடையின் போக்கைச் சொல்லும் சொற்கள் – துணையோடை, கிளையோடை, சேர்முகம்

அன்பர்களே, வணக்கம்.

ஜெர்மனியின் டுசல் ஓடையைப் பற்றித் தமிழில் எழுதும்போது எந்தெந்தச் சொற்களைப் புழங்குவது என்று தொடங்கிய இழை, நேற்று முழுக்க ‘கிளையாறு’ என்ற ஒரே சொல்லைச் சுற்றி நின்றுவிட்டது. நல்லதுதான். சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. என் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> எல்லாவற்றுக்கும் கிளையாறு என்றே போட்டுவிடலாம். படிப்பவருக்குப் புரியும். ஒரு சின்ன ஓடைக்கு இத்தனை சொல் தேவையா?

தேவை ஐயா. சின்ன ஓடை என்பதால்தான் கூடுதலாகத் தேவை. ரைன் நதியைப் பற்றி எழுதினால், மோசல், மைன் ஆறுகள் அதில் வந்து கலப்பவை என்று பலருக்கு முன்பே தெரியும். சொல் தவறினாலும் வாசகர் தானே திருத்திப் படித்துக்கொள்வார். டுசலை அப்படி யாருக்கும் தெரியாது. நாம் எழுதும் வாக்கியத்தை மட்டும் நம்பித்தான் வாசகர் அதன் கரையோடு நடக்கப்போகிறார்.

முதலில் ஓடை எப்படிப் போகிறது என்று பார்ப்போம். டுசல் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளம். வுல்ஃப்ராத் ஊரை ஒட்டிய மேட்டு நிலத்தில் ஊறி, தெற்கே இறங்கி, க்ரூட்டன் கிராமத்தில் இடப்பக்கமாக வரும் க்ளைன டுசல், அதாவது சின்ன டுசல், என்ற ஓடையை வாங்கிக்கொண்டு மேற்கே திரும்புகிறது. அடுத்து வருவது நியாண்டர்தால் பள்ளத்தாக்கு. வடக்கேயுள்ள மெட்மன் நகரிலிருந்து வரும் மெட்மனர் பாஹ் என்ற ஓடை இங்கேதான் வலப்பக்கமாகச் சேர்கிறது. பிறகு எர்க்ராத். அதைத் தாண்டினால் டுசல்டார்ஃப் நகர எல்லை. ‘டார்ஃப்’ என்றால் ஊர். டுசல் கரையில் இருந்த சிற்றூர், வோரிங்கன் போருக்குப் பிறகு 1288-இல் நகர உரிமை பெற்றது. பெரிய ரைன் நதியின் கரையில் உட்கார்ந்துகொண்டு, பெயரை மட்டும் இந்தச் சிற்றோடையிடம் வாங்கிக்கொண்ட நகரம் அது.

இதுவரை வந்ததெல்லாம் சேரும் கதை. நகருக்குள் நுழைந்ததும் கதை தலைகீழாகிறது. கெரஸ்ஹைம் பகுதியில் ஓடையை வடக்கு டுசல், தெற்கு டுசல் என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். வடக்கு டுசலிலிருந்து கிட்டல்பாஹ் பிரிந்து கைசர்ஸ்வெர்த் பக்கம் போகிறது. தெற்கு டுசலிலிருந்து ப்ருக்கர்பாஹ் பிரிந்து நகரின் தென்பகுதியில் ரைனை அடைகிறது. ஆக, ஓர் ஊற்றில் பிறந்த டுசல் நான்கு இடங்களில் ரைனைத் தொடுகிறது.

இப்போது ஏசல்ஸ்பாஹ் என்ற ஓடையை எடுத்துக்கொள்வோம். இது தெற்கே ஹில்டன் பக்கமிருந்து வந்து கலக்கிறது. எதில்? ஒன்றாக ஓடும் டுசலில் இல்லை, ஏற்கெனவே பிரிந்துபோன தெற்கு டுசலில். எல்லாவற்றுக்கும் ‘கிளையாறு’ என்று எழுதினால் இந்த இடத்தில் என்ன வரும்? ‘ஏசல்ஸ்பாஹ், டுசலின் கிளையாறான தெற்கு டுசலின் கிளையாறு.’ இதைப் படிப்பவர், தெற்கு டுசலிலிருந்து ஏசல்ஸ்பாஹ் பிரிந்து போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். நீர் ஓடும் திசையே எதிர்ப்புறமாகத் திரும்பிவிடும். ‘டுசலின் கிளையோடையான தெற்கு டுசலில் ஏசல்ஸ்பாஹ் என்ற துணையோடை சேர்கிறது’ என்று எழுதுங்கள். ஐயத்துக்கு இடமே இல்லை.

புதிதாக ஒன்றையும் நான் கொண்டுவரவில்லை. துணையாறு என்றால் வந்து சேர்வது, கிளையாறு என்றால் பிரிந்து போவது. நம் பாடநூல்களில் இந்தப் பிரிவு உண்டு. பவானியும் அமராவதியும் காவிரியின் துணையாறுகள், கொள்ளிடமும் வெண்ணாறும் கிளையாறுகள். செய்தித்தாள்களில்தான் இரண்டும் கலந்து கிடக்கின்றன. அதற்குக் காரணமும் புரியக்கூடியதே. வரைபடத்தில் பார்த்தால் வந்து சேரும் ஆறுகளும் மரக்கிளை போலத்தான் தெரிகின்றன. கண் தண்டிலிருந்து நுனிக்குப் போகிறது, தண்ணீரோ நுனியிலிருந்து தண்டுக்கு வருகிறது. படத்தை வைத்துச் சொல் அமைத்தால் இந்தக் கோளாறு வரும். நீரின் போக்கை வைத்துச் சொல் அமைக்க வேண்டும் என்பதுதான் நான் இந்த மடலில் சொல்ல வருவது. கீழே வரும் மற்றச் சொற்களையும் இதே உரைகல்லில்தான் உரசிப் பார்த்திருக்கிறேன்.

> துணையாறு சரி. ஆனால் துணையோடை எதற்கு? ஓடை என்றால் மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது அல்லவா?

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. நம் ஊர் ஓடைகளில் பல கோடையில் வறண்டு கிடக்கும். ஆனால் ஓடை என்ற சொல்லின் பொருளுக்குள் வறட்சி இல்லை, அது நம் தட்பவெப்பம் தந்த பழக்கம். ஜெர்மன்காரர்கள் ‘பாஹ்’ என்பது சிறியதை, ‘ஃப்ளுஸ்’ என்பது பெரியதை. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று அவர்களும் கோடு போட்டு வைத்திருக்கவில்லை. சின்னதான மெட்மனர் பாஹைத் துணையாறு என்று எழுதினால், வாசகர் மனத்தில் பாலமும் படகும் வந்துவிடும். சிற்றாறு என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பெயரிலேயே தென்காசிச் சீமையில் ஓர் ஆறு இருப்பதால் பொதுச்சொல்லாக வைக்க எனக்குத் தயக்கம். வாய்க்கால் என்றால் வெட்டியது என்ற எண்ணம் வந்துவிடும். ஆகவே ஓடையே இருக்கட்டும்: துணையோடை, கிளையோடை.

கூடவே ஒரு சின்ன விண்ணப்பம். ‘பாஹ்’ என்று முடியும் பெயருக்குப் பின்னால் மறுபடி ‘ஓடை’ சேர்க்க வேண்டாம். கிட்டல்பாஹ் என்றால் போதும். அதே கணக்கில் பார்த்தால் ‘தால்’ என்பதே பள்ளத்தாக்குதான், ஆனாலும் நியாண்டர்தால் பள்ளத்தாக்கு என்று எழுதுவதை எதிர்க்க மாட்டேன். தொல்மனித இனம் ஒன்றின் பெயராகவே அந்தச் சொல் நம்மிடம் ஊன்றிவிட்டதால், இடத்தைத் தனியாகக் காட்ட அந்த ஒட்டு உதவுகிறது.

நியாண்டர்தால் வந்துவிட்டதால் அங்கே கொஞ்சம் நிற்கலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியக் காலத்துச் சுண்ணாம்புப் பாறையை டுசல் அறுத்துக்கொண்டு போன இடம் அது. இரு பக்கமும் செங்குத்தான பாறைகள், அவற்றில் குகைகள். 17-ஆம் நூற்றாண்டில் டுசல்டார்ஃபில் ஆசிரியராக இருந்து பக்திப் பாடல்கள் இயற்றிய யோவாகிம் நியாண்டர் விரும்பிச் சென்ற இடம் என்பதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புக்கல் எடுக்கத் தொடங்கினார்கள். 1856-இல் ஃபெல்ட்ஹோஃபர் சிறு குகையைத் துப்புரவாக்கிய தொழிலாளர்கள் எலும்புகளை வெளியே எடுத்தார்கள். எல்பர்ஃபெல்ட் பள்ளியாசிரியர் யோஹான் கார்ல் ஃபூல்ராட் அவை பழங்கால மனிதருடையவை என்று அறிந்துகொண்டார். குகையும் பாறைகளும் கல்லுடைப்பில் போய்விட்டன. இன்று அங்கே போகிறவர் பார்ப்பது அந்தப் பழைய இடுக்கை அல்ல. எனவே கட்டுரையில் ‘டுசல் ஒரு குறுகிய மலையிடுக்கு வழியே பாய்கிறது’ என்று நிகழ்காலத்தில் எழுதக் கூடாது. ‘பாய்ந்தது’ என்று எழுதி, கல்லுடைப்பையும் அடுத்த வரியிலேயே சொல்லிவிட வேண்டும். சொல் சரியாக இருந்தும் காலம் தவறினால் வாசகர் இல்லாத ஓர் இடத்துக்குப் போய்விடுவார்.

அடுத்தது, ஓடை முடியும் இடம்.

> முகத்துவாரம், கழிமுகம், சங்கமம், கூடுதுறை – நான்கு சொல் இருக்கும்போது ஐந்தாவது எதற்கு?

முகத்துவாரமும் கழிமுகமும் கடலோடு சேர்ந்த சொற்கள். கழி என்றாலே உப்புநீர் வந்துவிடுகிறது. புகார் என்று பழந்தமிழில் அழகான சொல் இருக்கிறது, ஆறு புகும் இடம். ஆனால் அது இன்று ஊர்ப்பெயராகவும், காவல் நிலையத்தில் கொடுப்பதாகவும் மாறிவிட்டது. சங்கமமும் கூடுதுறையும் இரண்டு ஆறுகளுக்கும் பொதுவானவை, புனித நீராடலோடு பிணைந்தவை. ஜெர்மனில் ‘ம்யூண்டுங்’ என்பது கடலில் கலந்தாலும் ஆற்றில் கலந்தாலும் ஒன்றே. அது சேர்கின்ற ஓடைக்கு மட்டும் உரியது, வாங்கிக்கொள்ளும் ஆற்றுக்கு உரியது அல்ல. டுசலுக்கு ரைன் கரையில் நான்கு ம்யூண்டுங் உண்டு, ரைனுக்கு அங்கே ஒன்றும் இல்லை. இந்த ஒருபக்கத் தன்மையைச் ‘சேர்முகம்’ என்ற வினைத்தொகை காட்டும் என்று நம்புகிறேன். சேர்ந்த, சேர்கிற, சேரும் முகம். ‘வடக்கு டுசலின் சேர்முகம் பழைய நகரில் உள்ளது’ என்று எழுதிப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் போகிறது. நான்கு சேர்முகங்கள் இருப்பதால் அதை டெல்ட்டா என்று எழுதுவதை மட்டும் தவிர்ப்போம். டெல்ட்டா என்றால் வண்டல் படிந்து உருவாகும் நிலம். இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

இடம், வலம் பற்றிப் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. நீர் போகும் திசையைப் பார்த்து நின்றால் கைப்பக்கம் எதுவோ அதுவே. வலக்கரைத் துணையோடை, இடக்கரைத் துணையோடை என்று எழுதிவிடலாம். தனிக் கலைச்சொல் வேண்டாம்.

ஆனால் ஜெர்மானியர்களின் நீர்வழி எண் முறையைப் பற்றி ஒரு பத்தியாவது கட்டுரையில் வர வேண்டும். இவ்வளவு எளிதாக ஓர் ஓடையின் குடும்பத்தைச் சொல்லும் முறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ரைனுக்கு எண் 2. அதில் சேரும் பெரிய ஆறுகளுக்கு அடுத்த இலக்கமாக இரட்டைப்படை எண் கொடுக்கிறார்கள். மைன் 24, மோசல் 26. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ரைனின் நீரேந்து பரப்புக்கு, அதாவது நீர் வடிந்து சேரும் நிலப்பகுதிக்கு, ஒற்றைப்படை, 25. இன்னும் கீழே வந்தால் ரூர் ஆறு 276, லிப்பே 278. இவற்றுக்கு இடைப்பட்ட ரைன் 277. அந்தத் துண்டில் வந்து சேரும் எம்ஷருக்கு 2772. எண்ணைப் பார்த்தவுடனே எது எதில், எந்த வரிசையில் சேர்கிறது என்று தெரிந்துவிடுகிறது. இலக்கம் கூடக்கூட ஓடை சிறிதாகிக்கொண்டே போகும். நீரின் போக்கைப் பிடித்துக்கொண்டு பெயரிட்டால் எவ்வளவு தெளிவு கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? இதற்கு ‘நீர்வழி எண்’ போதும். ஒற்றைப்படை எண் பெறும் இடைத்துண்டுக்கு ‘இடை நீரேந்து பரப்பு’ என்று வைக்கலாம்.

இரண்டு ஓடைகள் சம பலத்தோடு சேர்ந்து அதன்பின் புதுப்பெயர் பெறும் இடங்களில் துணையாறு என்ற சொல் பொருந்தாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெராவும் ஃபுல்டாவும் சேர்ந்து வேசர் ஆகின்றன, ப்ரெக்கும் ப்ரிகாஹும் சேர்ந்து டான்யூப் ஆகிறது. இவற்றில் யார் யாருக்குத் துணை? தலைக்காவிரியை நினைத்து ‘தலையாறு’ என்று வைக்கலாம் என்பது என் விருப்பம். டுசலுக்கு இந்தச் சிக்கல் இல்லாததால் இப்போது முடிவு செய்ய வேண்டிய அவசரமும் இல்லை.

டுசல் கட்டுரைக்கு உடனே வேண்டியவை இன்னும் இரண்டு. நகருக்குள் வடக்கு டுசல் பழைய நகரத்தின் தெருக்களுக்கு அடியில் புகுந்து, சில இடங்களில் மட்டும் வெளியே தலைகாட்டுகிறது. குழாயாகவோ வளைவாகவோ மேலே மூடி, நிலத்தடியில் ஓடவிட்ட பகுதிக்கு ‘மூடுகால்’ என்று எழுதியிருக்கிறேன். சாக்கடை என்ற நினைப்பு வராத சொல்லாக இருக்க வேண்டும் என்பதால் இதைத் தேர்ந்தேன். அந்த நீரைத்தான் நகரப் பூங்காக்களின் குளங்களுக்கும் விடுகிறார்கள்.

அப்புறம் கெரஸ்ஹைமில் ஓடையை இரண்டாகப் பிரிக்கும் அமைப்பு. ஜெர்மனில் ‘ஷ்பால்ட்வெர்க்’. அணை என்று சொல்ல மனம் வரவில்லை, அது நீரைத் தேக்குவதற்காகக் கட்டியது அல்ல. நீரொழுங்கி என்ற சொல் நம் பொறியாளர்களிடம் புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் அது அளவைக் கட்டுப்படுத்துவதைச் சொல்கிறதே தவிர, இரண்டாகப் பிரிவதைச் சொல்லவில்லை. ‘பிரிமதகு’ என்று வைத்திருக்கிறேன். மதகு என்றால் ஏரிக்கரையில் திறந்து மூடும் பலகைதான் பலருக்கு நினைவு வரும் என்பது தெரிந்தே வைத்தது.

பாசனத் துறையில் வேலை பார்த்தவர்கள் நம் குழுவில் இருக்கிறீர்கள். ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள கட்டுமானத்தை உங்கள் பக்கத்து விவசாயிகளும் கரைக்காவலர்களும் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள்? அப்படி ஒரு சொல் வாய்வழக்கில் இருந்தால் பிரிமதகை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம். துணையோடை, கிளையோடை, சேர்முகம், மூடுகால் நான்குக்கும் மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் கட்டுரையின் அடுத்த வரைவில் அவற்றை அப்படியே பயன்படுத்துகிறேன்.

அன்புடன்.