பொருள்: ரோலிங் கோட் – ‘சுழற்குறி’ சரிதானா? கூடவே ‘டிரெயினிங்’

குழுவினருக்கு வணக்கம்.

வட அமெரிக்கக் கார்கள் பலவற்றில் பின்காட்டும் கண்ணாடியிலோ சன்வைசரிலோ மூன்று பொத்தான்கள் இருக்கும். தனி ரிமோட் இல்லாமலே வீட்டுக் கராஜ் கதவைத் திறந்து மூட அவை. பெரும்பாலும் ஹோம்லிங்க் என்ற பெயரில் வருகின்றன. இவற்றால் வரும் பாதுகாப்புச் சிக்கல்கள் பற்றிக் கனடா, அமெரிக்கத் தமிழர்களுக்காக ஒரு கையேடு தயாராகிறது.

கராஜ், ரிமோட், மோட்டார் மூன்றையும் அப்படியே விட்டுவிடலாம். ‘சீருந்துக் கொட்டில் தொலையியக்கி’ என்று போட்டால் யாரும் இரண்டாவது வரிக்கு வரமாட்டார்கள். ஆனால் கீழே உள்ளவற்றுக்குத் தமிழ் வேண்டும். தன் வீட்டுக் கராஜ் கதவு மோட்டார் எந்த வகை என்று வாசகரே பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

ஃபிக்ஸ்டு கோட் (ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அதே குறி) – நிலைக்குறி
ரோலிங் கோட் – சுழற்குறி
டிரெயினிங் (காரின் பொத்தானை வீட்டு மோட்டாருக்கு ஏற்ப அமைப்பது) – பழக்குதல்
ரீப்ளே அட்டாக் – ?
ரோல்ஜாம் வகைத் தாக்குதல் – ?

முதல் மூன்றில் பெரிய விவாதம் இராது என்று நினைக்கிறேன்.

செ.

———

> ரோலிங் கோட் – சுழற்குறி

இதில்தான் விவாதமே, செ. அவர்களே.

சுழல்வது கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வரும். ராட்டினத்தில் அதே பெட்டி மறுபடி கீழே வருவதுபோல, போன வாரக் குறி என்றாவது மீண்டும் செல்லும் என்று வாசகர் நினைத்துக்கொள்வார். இந்த முறையின் பாதுகாப்பு முழுவதும் பழைய குறி செல்லாது என்பதில்தான் இருக்கிறது.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். பல ரிமோட்டுகளில் இருக்கும் கீலாக் சிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஒரு தடவை அழுத்தினால் 66 பிட் போகும். அதில் 28 பிட் ரிமோட்டின் தொடர் எண், 4 பிட் எந்தப் பொத்தான் என்பது, 2 பிட் நிலைத் தகவல். இவை மறைக்கப்படாதவை. மீதி 32 பிட்தான் மாறும் பகுதி. அதற்குள் 16 பிட் எண்ணி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அது ஒன்று கூடும். கூடிய எண்ணை 64 பிட் சாவியால் பூட்டி அனுப்புகிறது. எண்ணி 41இலிருந்து 42 ஆனாலும் காற்றில் போகும் 32 பிட்டில் ஏறக்குறைய பாதி புரண்டுவிடும். வெளியிலிருந்து கேட்பவருக்கு எந்த ஒழுங்கும் தெரியாது.

மோட்டார் கடைசியாக ஏற்ற எண்ணைக் குறித்து வைத்திருக்கும். அதற்கு மேல் 16க்குள் வந்தால் உடனே திறக்கும். குழந்தை ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியூரில் நாற்பது ஐம்பது தடவை அழுத்திவிட்டதா? அப்போது அடுத்தடுத்த இரண்டு குறிகள் சரியாக வந்தால் ஒத்துக்கொள்ளும். ‘ஒரு அழுத்தில் திறக்கவில்லை, இரண்டாவதில் திறந்தது’ என்பதற்கு இது ஒரு காரணம். கீழே இருக்கும் எண் வந்தால் தள்ளிவிடும்.

‘உருள்குறி’ ஆங்கிலத்தை அப்படியே உருட்டியது. ‘தாவுகுறி’ அலைவெண் தாவலோடு குழம்பும், இங்கே தாவுவது குறிதான், அலைவெண் அல்ல. ‘ஒருமுறைக்குறி’ ஏறக்குறையப் பொருந்துகிறது, ஆனால் வங்கி அனுப்பும் ஓடிபியை நினைவூட்டும். ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாகும், இதற்கு நேரக் கெடுவே கிடையாது. அந்த வேறுபாடு ரோல்ஜாமுக்கு வரும்போது முக்கியமாகும்.

என் பரிந்துரை: மாறுகுறி.

ம.

———

‘மாறுகுறி’ நல்ல சொல். எனக்குப் பிரச்சினை ‘பழக்குதல்’ல்தான்.

கார்க் கையேட்டில் ‘டிரெயினிங்’ எண்டு ஒரே சொல்லாகப் போட்டிருப்பார்கள். செய்கிற வேலை ஒண்டல்ல, இரண்டு.

செய்முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். காரை ஓன் செய்து, கைரிமோற்றைக் கண்ணாடிப் பொத்தானிலிருந்து 2 முதல் 8 செ.மீ. தூரத்தில் பிடிக்க வேணும். இரண்டு பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் காரில் உள்ள விளக்கு முதலில் மெதுவாகச் சிமிட்டும், பிறகு படபடவெண்டு சிமிட்டும். உடனே இரண்டையும் விடலாம். கனடாவில் இங்கே ஒரு சிக்கல் வரும். இங்கத்தைய வானொலி விதிப்படி ரிமோற் சில விநாடியில் தானாக நிண்டுவிடும், கார் பிடிப்பதற்குள் சிக்னல் அறுந்துபோகும். ஆகவே காரின் பொத்தானை விடாமல், கைரிமோற்றை மட்டும் இரண்டு விநாடிக்கு ஒருக்கால் விட்டு விட்டு அழுத்த வேணும். ‘எவ்வளவு நேரம் பிடிச்சாலும் விளக்கு மாறவில்லை’ என்பதற்குக் கைரிமோற்றின் பற்றரி பலவீனமாக இருப்பதும் ஒரு காரணம்.

பிறகு காரின் பொத்தானை மட்டும் அழுத்திப் பாருங்கள். விளக்கு ஒரே சீராக எரிந்தால் வேலை முடிந்தது, அது நிலைக்குறி. இரண்டு விநாடி வேகமாகச் சிமிட்டிவிட்டுச் சீராக எரிந்தால் அது மாறுகுறி, வேலை இன்னும் பாதிதான். ஏணி வைத்து ஏறி, மோற்றரில் அன்ரெனா வயர் தொங்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ‘லேர்ன்’ பொத்தானை ஒருக்கால் அழுத்தி விட வேணும். 30 விநாடிக்குள் காருக்குத் திரும்பி வந்து பொத்தானை இரண்டு விநாடி பிடித்து விட வேணும். மூன்று தரம் வரை தேவைப்படும். ஏணியில் ஒருவர், காரில் ஒருவர் நிண்டால் ஓட வேண்டியதில்லை.

நிலைக்குறியில் கார் செய்தது நகல் எடுப்பது. மோற்றருக்கு இப்படி ஒரு கார் இருப்பதே தெரியாது. மாறுகுறியில் கார் தனக்கெண்டு சொந்தத் தொடர் எண்ணோடு மோற்றரில் பதிகிறது. வலே பார்க்கிங்கில் (சாவியை ஊழியரிடம் கொடுத்து) விட்ட காரின் வைசரில் நிலைக்குறி ரிமோற் செருகியிருந்தால், அதை ஒரு நிமிடம் கையில் எடுத்த எவரும் தன் காரில் நகல் எடுக்கலாம். மாறுகுறியில் உங்கள் கராஜுக்குள் புகுந்து ஏணியில் ஏறாமல் அது நடக்காது. இரண்டையும் ‘பழக்குதல்’ எண்டால் இந்த வித்தியாசம் தெரியாமலே போய்விடும்.

நகலெடுத்தல், பதிதல். இரண்டு சொல் வையுங்கோ.

இ.

———

இ. அவர்கள் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். அப்படியானால் ‘இரேஸ்’ என்பதும் இரண்டாகப் பிரியுமா? காரை விற்கும்போது வெளிப்பக்கப் பொத்தான்கள் இரண்டையும் விளக்கு சிமிட்டும்வரை பிடிக்கச் சொல்கிறார்கள். மாடலைப் பொறுத்து 10 நொடி, 20 நொடி. அது காரின் நினைவை மட்டும்தானே துடைக்கிறது?

செ.

———

காரின் நினைவை மட்டும்தான். விற்பனைக்கு அது போதும். கார் களவு போனால் அந்த வழி இல்லை, கார் உங்கள் கையில் இல்லையே. அப்போது மோற்றர் பக்கத்தில் நீக்க வேணும்.

மாறுகுறி மோற்றரில் ‘லேர்ன்’ பொத்தானை விடாமல் 6 விநாடி பிடித்தால் அருகில் உள்ள சின்ன விளக்கு அணையும். சேம்பர்லெயின், லிஃப்ட்மாஸ்டர் மோற்றர்களுக்கு இதுதான் வழி. களவு போன கார் மட்டும் நீங்காது, பதிந்த ரிமோற், வெளிச்சுவர் எண்பலகை எல்லாம் சேர்ந்தே போகும். மிச்சமிருப்பவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பதிய வேணும். டிப் சுவிட்சு (குறியை அமைக்கும் சின்னச் சுவிட்சு வரிசை) உள்ள நிலைக்குறி மோற்றரில் நீக்க ஏதும் இல்லை, ஏனெண்டால் எதுவும் பதியவில்லை. மோற்றரிலும் வீட்டிலுள்ள எல்லா ரிமோற்றிலும் டிப் சுவிட்சுகளை வேறு வரிசைக்கு மாற்ற வேணும். ஆகவே காருக்குத் ‘துடைத்தல்’, மாறுகுறி மோற்றருக்குப் ‘பதிவு நீக்கம்’, நிலைக்குறிக்குக் ‘குறி மாற்றம்’.

களவு எண்டதும் முழுக் காரையும் நினைக்க வேண்டாம். வீட்டு வாசலில் நிற்கும் காரின் கண்ணாடியை உடைத்தாலே போதும். சில கார்களில் இக்னிஷன் ஓனில் இருந்தால்தான் பொத்தான் வேலை செய்யும், சிலவற்றில் எப்போதும் செய்யும். உங்கள் கார் எந்த ரகம் எண்டு ஒருக்கால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். எப்போதும் செய்கிற ரகமெண்டால் காரை வாசலில் விடுகிறவர்கள் இரவில் சுவர்ப் பலகையில் உள்ள ‘லொக்’கைப் போட்டுவிட வேணும், எல்லா ரிமோற்றையும் அது தடுக்கும். கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவைப் பூட்டாமல் விடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அந்தக் கதவுக்கு டெட்போல்ட் பூட்டுப் போட வேணும். கார் வேறு இடத்தில் உடைபட்டாலும் குளோவ் பெட்டியில் உள்ள காப்புறுதித் தாளும், நாவிகேஷனில் ‘ஹோம்’ எண்டு பதிந்த இடமும் முகவரியைச் சொல்லிவிடும். அலைவரிசைத் தாக்குதல் பற்றி எவ்வளவு எழுதினாலும் கையேட்டில் இந்தப் பந்தி முதலில் வர வேணும்.

இ.

———

இ. அவர்களின் வரிசையே சரி. தாக்குதல் பெயர்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

ரீப்ளே: காற்றில் போனதைப் பிடித்து அப்படியே திரும்ப வீசுவது. ‘மறுவீச்சு’ போதும். நிலைக்குறியை இது உடைக்கும், மாறுகுறியை உடைக்காது.

நிலைக்குறிக்கு மறுவீச்சு கூடத் தேவையில்லை. 12 டிப் சுவிட்சு என்றால் 4,096 குறிகள்தான். 2015இல் சாமி காம்கர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் மேட்டல் நிறுவனத்தின் ஐஎம்-மீ என்ற பழைய பொம்மையை மாற்றி இதைச் செய்து காட்டினார். ஒவ்வொரு குறியையும் இடைவெளிவிட்டு ஐந்து தடவை அனுப்பினால் 8 முதல் 12 பிட் வரை எல்லாம் முடிய 29 நிமிடம். திரும்ப அனுப்புவதையும் இடைவெளியையும் விட்டபின் சுமார் 3 நிமிடம். பிறகு அவர் கண்டது: இத்தகைய ரிசீவர்கள் வந்த பிட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கின்றன, குறி எங்கே தொடங்குகிறது என்ற கவலை அவற்றுக்கு இல்லை. எல்லா 12 பிட் குறிகளும் ஒன்றோடொன்று மேற்பொருந்தும் டி புரூயின் தொடரில் 4,107 பிட் போதும். பிட்டுக்கு 2 மில்லிநொடி, ஆக 8.2 நொடி. இந்தக் கணக்கைக் கையேட்டில் கட்டாயம் போடுங்கள். ‘பாதுகாப்புக் குறைவு’ என்று எழுதினால் யாரும் மோட்டாரை மாற்றமாட்டார்கள், 8 நொடி என்றால் யோசிப்பார்கள்.

ரோல்ஜாம்: அதே ஆண்டு டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் காம்கரே காட்டியது. கருவி ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும். ரிமோட்டின் அலைவெண்ணுக்குச் சற்றுத் தள்ளி இரைச்சல் கொடுத்து மோட்டாரைச் செவிடாக்கும், தன் குறுகிய வடிகட்டியால் உண்மையான குறியைக் கேட்டுக்கொள்ளும். கதவு திறக்கவில்லையே என்று உரிமையாளர் மறுபடி அழுத்துவார். இரண்டாவதையும் பிடித்துக்கொண்டு முதலாவதை வீசும். கதவு திறந்துவிடும், சந்தேகமும் எழாது. திருடனிடம் பயன்படுத்தாத குறி ஒன்று இருப்பில் இருக்கும். எண்ணி அதைத் தாண்டும்வரை அது செல்லும். உரிமையாளர் அடுத்த தடவை இடையூறில்லாமல் அழுத்தி மோட்டார் அதை ஏற்றுவிட்டால் இருப்பு வீண்.

மறித்து, பதுக்கி, பிறகு எடுப்பது. ‘மறித்துப் பதுக்கல்’ என்கிறேன். பதுக்கல் என்றால் என்னவென்று ரேஷன் கடை வரிசையில் நின்ற யாருக்கும் விளக்க வேண்டாம்.

கீலாக்கின் சாவியையே எடுத்த வேலையும் உண்டு. ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகக் குழுவினர் 2008இல் சிப்பின் மின்நுகர்வை அளந்து உற்பத்தியாளர் சாவியை வெளியே எடுத்தனர். அது கிடைத்தபின் ஒரு ரிமோட்டைப் போலி செய்யக் காற்றில் இரண்டு குறி பிடித்தால் போதும். அதைக் ‘கசிவுத் தாக்குதல்’ என்று ஒரு வரியில் சொல்லி விடலாம்.

ம.

———

இலக்கணம் பற்றி மட்டும். ‘மாறுகுறி’ வினைத்தொகை, ஊறுகாய் போல. ஒற்று மிகாது, ‘மாறுக்குறி’ என்று யாரும் திருத்தவேண்டாம். ‘நிலைக்குறி’யில் மிகும்.

‘மாறாக்குறி’ என்று ஃபிக்ஸ்டு கோடுக்கு வைக்காதது நல்லதாயிற்று. தொலைபேசியில் ‘மாறாக்குறியா மாறுகுறியா’ என்று கேட்டால் ஓர் எழுத்தில் தலைகீழாகப் போய்விடும். எதிர்ச்சொற்களுக்கு முதலெழுத்தாவது வேறாக இருப்பது நல்லது.

‘லேர்ன் பொத்தான்’ தமிழில் என்ன? ‘கற்கும் பொத்தான்’ என்று ஒரு கையேட்டில் பார்த்தேன். பொத்தானா படிக்கிறது?

ப.

———

அதைப் ‘பதிவுப் பொத்தான்’ என்று வைக்கலாம், இ. அவர்களின் ‘பதித’லோடு சேரும். ஆனால் மோட்டாரில் ‘லேர்ன்’ என்றுதான் அச்சிட்டிருக்கிறது. முதல் இடத்தில் ‘லேர்ன் என்று எழுதிய பதிவுப் பொத்தான்’ என்று எழுதி, பிறகு ‘பதிவுப் பொத்தான்’.

வகையை அறிய, சேம்பர்லெயின், லிஃப்ட்மாஸ்டருக்கு இந்தப் பொத்தானின் நிறத்தையே சொல்லலாம் என்று பார்க்கிறேன். பச்சை ஏறத்தாழ 1993–96, அது நிலைக்குறிதான்; மற்றவை மாறுகுறி: ஆரஞ்சு அல்லது சிவப்பு 1997–2004, ஊதா 2005–2014, மஞ்சள் 2011 முதல். டிப் சுவிட்சு இருந்தால் நிலைக்குறி. சரியா?

செ.

———

நிறம் சரி. அதோடு ஒன்று சேர்க்க வேணும். அமெரிக்காவில் 1993 ஜனவரி தொடக்கம் செய்த வீட்டு மோற்றர்களில் ஒளிக்கண் போன்ற தடை உணரும் ஏற்பாடு கட்டாயம். கதவின் அடியில் இரண்டு பக்கமும் ஒளிக்கண் இல்லையெண்டால் அநேகமாக அதற்கு முந்திய மோற்றர், நிலைக்குறியாகவே இருக்கும். ஒளிக்கண் இருப்பதால் மட்டும் மாறுகுறி எண்டு முடிவெடுக்கக் கூடாது.

மஞ்சள் பொத்தானுக்கும் ஒரு குறிப்புப் போடுங்கோ. அது செக்யூரிட்டி பிளஸ் 2.0 என்ற பிந்திய மாறுகுறி முறை. 2011க்கு முந்திய பல கார்களின் ஹோம்லிங்க் அதோடு நேரடியாகப் பேசாது, இடையில் ஒரு பிரிட்ஜ் பெட்டி வாங்கிச் சுவரில் செருக வேணும். அப்போது கார் பதிவது மோற்றரில் அல்ல, அந்தப் பெட்டியில். கார் களவு போனால் பெட்டியிலும் பதிவு நீக்க வேணும். ‘பதிவு நீக்கம்’ என்ற பகுதியில் பெட்டியை மறக்காமல் சேர்த்துவிடுங்கோ.

இ.