மறு: "இசையும் மனநலமும்" கச்சேரி, புள்ளிக்கு (கல்யாணமான குடும்பம் ஒன்றுக்கு) 5,000

எல்லோருக்கும் வணக்கம்.

ஊர்க் கல்யாண மண்டபத்தில் கச்சேரி வைக்கப் பணம் கேட்டு வந்த நோட்டீஸைப் பார்த்தேன். பணம் தருகிறேன். அதற்கு முன், போன மாதம் ஊரில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மேலவீட்டுப் பெரியாத்தாவைப் பார்க்கப் போனோம். முகப்பில் பூட்டு. பின்கட்டு வழியாகத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அத்தனை பெரிய வீட்டில் அடுப்படிக்குப் பக்கத்து அறை ஒன்றில்தான் புழக்கம். வளவு முற்றத்தைச் சுற்றி எல்லா அறையும் பூட்டு, சாவிக்கொத்து அவர்கள் இடுப்பில். ராத்திரி எழுந்து ஒவ்வொரு பூட்டாக இழுத்துப் பார்க்கிறார்களாம், வேலைக்கு வரும் அம்மா சொன்னது. என்னைப் பார்த்து, "பர்மாவிலேருந்து எப்ப வந்தீக?" என்றார்கள். நான் ரங்கூனைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

அப்புறம் என் பேரன் அழுதான். வாங்கி மடியில் போட்டுத் தாலாட்டு எடுத்தார்கள் பாருங்கள், அம்மான் கொண்டுவந்த சீர் ஒன்று விடாமல் வரிசையாக வந்தது. ஓர் அடி தடுக்கவில்லை. முடித்துவிட்டு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "காப்பி குடிச்சியா?" என்றார்கள்.

அதனால் கேட்கிறேன். பாடகரை மெட்ராஸிலிருந்து வரவழைத்துக் கல்யாண மண்டபத்தில் பாட வைப்பதைவிட, அந்த வளவிலேயே ஜமக்காளம் விரித்து ஊரிலிருக்கும் ஆச்சிமாரைப் பாட வைத்தால் என்ன? மிச்சப் பணத்தில் மாதம் ஒரு கார் பேசி, வேண்டியவர்களைச் சிவகங்கை அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரிடம் காட்டலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் அடித்து வீட்டுக்கு வீடு ஒட்டலாம். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

நோட்டீஸில் ராகத்தால் நோய் தீரும் என்று போட்டிருப்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். நம் வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதன் இசை சிகிச்சையில் இறங்கி ஆராய்ந்தவர், மறுக்கவில்லை. அதற்காக ஆனந்தபைரவி ராகம் கேட்டுவிட்டு யாராவது பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் யார் பொறுப்பு?

— சிங்கப்பூர்

*

பாடகருக்கு எவ்வளவு, மைக் செட்டுக்கு எவ்வளவு, பொன்னாடை எத்தனை? பட்டியல் இல்லாமல் பணம் கேட்பது இது மூன்றாவது முறை. கும்பாபிஷேக மிச்சத்துக்கே இன்னும் ஐந்தொகைக் கணக்கு வரவில்லை. எங்கள் ஐயா காலத்தில் கடைப் பெட்டியடியில் கணக்கில் காலணா இடித்தாலும் விளக்கை அணைக்க மாட்டார்கள்.

— கோலாலம்பூர்

*

எங்கள் ஆத்தாவுக்கு ஒன்றுமில்லை. வயதானால் மறதி வரும். நாலு நாட்டில் இருப்பவர்கள் படிக்கும் இடத்தில் இதை எழுத உனக்கு எப்படி மனது வந்தது? மேலவீட்டில் பெண் கேட்டு வருபவர்கள் இதைப் படிக்க மாட்டார்களா? உன் அப்பச்சி படிப்புக்கு அந்த வளவில் யார் சோறு போட்டது என்று உன் ஆத்தாவைக் கேள். வீட்டைத் திறந்துவிட முடியாது.

— டல்லாஸ்

*

அண்ணே, பேர் தெரிகிற மாதிரி எழுதியது தப்புத்தான். அந்தச் சோற்றை மறந்திருந்தால் பின்கட்டு வழியாக நுழைந்து பார்த்திருக்க மாட்டேன். தாலாட்டை என் மகள் போனில் பிடித்திருக்கிறாள், உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். பிள்ளை பேர் வருகிற இடத்தில் உங்கள் பேரைத்தான் போட்டுப் பாடுகிறார்கள்.

— சிங்கப்பூர்

*

வளவில் நடத்தினால் மண்டப வாடகை கிடையாது. அதைக் கழித்துப் புள்ளிக்கு எவ்வளவு என்று சொல்லவும்.

— கோலாலம்பூர்