உவா ஓதம்: ‘ஸ்பிரிங் டைட்’ சொல்லாக்கம் தொடர்பாக

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஓதம் என்பது கடலின் ஏற்றமும் வற்றமும். அது மிகப் பெரிதாக இருக்கும் நாட்களின் ‘ஸ்பிரிங் டைட்’, மிகச் சிறிதாக இருக்கும் நாட்களின் ‘நீப் டைட்’ இரண்டுக்கும் ‘உயர் ஓதம்’, ‘தாழ் ஓதம்’ என்பவையே போதும், பழகிய சொற்கள்தானே என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கரையோர மீன்பிடிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த இணை முதல் பத்தியிலேயே காலை வாரிவிடும்.

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் அடுத்த நாட்களில் கடல் மிக அதிகமாக ஏறுகிறது. ஏறிய சுமார் ஆறு மணி நேரத்தில் மிக அதிகமாக வற்றவும் செய்கிறது. ‘உயர் ஓதம்’ இதில் பாதியைத்தான் சொல்கிறது. அந்தப் பாதியும் அன்றாடம் வரும் ‘ஹை டைட்’ என்பதோடு குழம்பிப்போகும். “உயர் ஓத நாளின் தாழ் ஓதத்தில் சேற்றுத்திட்டு வெளியே தெரியும்” என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், படிப்பவர் பாடு திண்டாட்டம்தான். ‘வசந்த ஓதம்’ இன்னும் மோசம். அந்த ஆங்கிலச் சொல்லில் உள்ளது பருவகாலம் அல்ல, துள்ளி எழுதல்.

மீன் பிடிப்பவருக்கு நீரின் உயரத்தைவிட, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். அந்த வித்தியாசம் பெரிதானால் அதே ஆறு மணி நேரத்தில் அதிக நீர் போக வேண்டும், ஆகவே நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், கடுமையாகும். பொதுவான கணக்கு ஒன்று உண்டு: ஏறும் நீரைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்து 2, 3, 3, 2, கடைசி மணியில் மறுபடி ஒன்று. அதாவது நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி நீர் நகர்ந்துவிடுகிறது. நீவாட்டை எதிர்த்துக் கட்டும் பைவலைக்கு அது நல்ல நேரம். தூண்டில்காரருக்கோ ஈயக்குண்டு தரையில் நிற்காது, செவுள் வலை சாய்ந்து படுத்துவிடும், நீரும் கலங்கலாக இருக்கும். இந்த நாட்களுக்கு வைக்கிற பெயர் நீர் உயரத்தோடு நிற்காமல், எது இதை நடத்துகிறதோ அதைச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

அதற்கு நம்மிடம் ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: உவா. பௌர்ணமி, அமாவாசை இரண்டுக்கும் பொதுவான பெயர் அது. வெள்ளுவா என்றால் பௌர்ணமி, காருவா என்றால் அமாவாசை. முழுநிலவை ‘உவவுமதி’ என்று சங்கப்பாட்டு சொல்கிறது. சூரியனும் நிலவும் பூமியும் ஒரே கோட்டில் வந்து இழுப்பு கூடும் நாள் என்பதை ஒரே சொல்லில் அடக்க இன்று நாம் புழங்கும் எந்தச் சொல்லாலும் முடியவில்லை, ‘அமாவாசை அல்லது பௌர்ணமி’ என்று நீட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே ‘உவா ஓதம்’ என்று முன்மொழிகிறேன்.

வந்த மறுப்புகளில் ஒன்று உண்மையிலேயே கனமானது. ஓதத்துக்கு இரண்டு உவாவும் ஒன்று, மீன்பிடிப்புக்கு அப்படி இல்லையே என்று கேட்டிருந்தார்கள். சரியான கேள்வி. விளக்கு வைத்து மத்தியையும் கணவாயையும் கூட்டிப் பிடிப்பவருக்கு இருட்டு வேண்டும். முழுநிலவில் கடல் முழுக்க வெளிச்சமாக இருக்கும்போது அவர் விளக்கை மீன் தேடி வராது. நீவாடு ஒன்றுதான் என்றாலும் இரவு வேறு. ஆனால் இந்தச் சொல்லின் பலமே அங்கேதான் இருக்கிறது. ஓதத்தைப் பற்றிப் பேசும்போது உவா ஓதம் என்போம், வெளிச்சமும் கணக்கில் வரும்போது வெள்ளுவா ஓதம், காருவா ஓதம் என்று பிரித்துக்கொள்வோம். ‘உயர் ஓதம்’ என்பதை இப்படிப் பிரிக்க வழியில்லை. சில மீன்களும் இரண்டு உவாவையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றன. கலிபோர்னியக் கரையில் குரூனியன் என்ற சிறு மீன் பௌர்ணமி, அமாவாசை இரண்டையும் அடுத்த சில இரவுகளில் ஏற்றத்தோடு மணலுக்கு வந்து முட்டையைப் புதைத்துவிட்டுப் போகும். அடுத்த உவா ஓதத்தின் அலை மணலைக் கிளறும்போதுதான் குஞ்சு வெளியே வரும். இரண்டு வார நாட்காட்டியை அந்த மீன் உடம்பில் வைத்திருக்கிறது!

உவா அன்றே ஓதம் உச்சத்துக்கு வருவதில்லை, பல இடங்களில் ஓரிரு நாள் தாமதிக்கிறது என்பது அடுத்த மறுப்பு. அது உண்மைதான். ஆனால் பெயர் காரணத்தைச் சுட்டினால் போதும், தேதியைச் சொல்ல ஓத அட்டவணை இருக்கிறது. உவா என்பது யானைக்கும் ஒரு பெயர் என்றார் ஒருவர். பக்கத்தில் ஓதம் நிற்கும்போது யாருக்கும் யானை நினைவுக்கு வராது.

‘நீப் டைட்’ விஷயத்தில் எனக்கு அத்தனை உறுதி இல்லை. சூரியனும் நிலவும் செங்கோணத்தில் இழுக்கும் அரைநிலா நாட்கள் அவை. ‘எண்நாள் திங்கள்’ (எட்டாம் நாள் நிலவு) என்ற பழந்தொடர் எனக்கு மிகவும் பிடிக்கும், குளக்கரையின் வளைவுக்கு உவமையாக வருவது. ஆனால் ‘எண்நாள் ஓதம்’ என்றால் எட்டு நாள் நீடிக்கும் ஓதம் என்று படிப்பார்கள். அதனால் ‘அரைமதி ஓதம்’. நீவாடு தளர்ந்து, தூண்டிலும் செவுள் வலையும் நின்று வேலை செய்யும் நாட்கள்.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க அதை வேலையில் இறக்க வேண்டும். நீரின் வெப்பத்தைப் பற்றிய ஒரு பத்தியில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன்: “அரைமதி ஓத நாட்களில் நீவாடு மெலிவதால் வெயிலில் சூடான மேல்நீர் அப்படியே தங்கி, அடியிலுள்ள குளிர்நீரோடு கலக்காமல் இருக்கும். உவா ஓதம் வந்ததும், ஆழமில்லாத கடலில், இரண்டு அடுக்கும் கலங்கி மேல்நீர் குளிரும். மீனின் உடல்சூடு நீரோடு மாறுவதால் அதன் பசியும் மாறும். குளிர்ந்தால் செரிமானம் மெதுவாகி இரை தேடுவது குறையும். அளவுக்கு மீறிச் சூடானால் நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் ஆழத்துக்குப் போய்விடும்.” தடங்கலின்றிப் படிக்க முடிகிறது என்றே நினைக்கிறேன். இதில் ‘உயர் ஓதம்’, ‘தாழ் ஓதம்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், ஆறு மணி நேரத்துக்கொரு முறை கடல் குளிர்ந்து சூடாவதாகப் பொருள் வந்துவிடும்.

அப்புறம், ‘ஸ்லாக் வாட்டர்’ இன்னும் பாக்கி. ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் முன் நீவாடு நின்றுபோகும் அந்தச் சிறு இடைவெளி. ‘தேக்கம்’ வேண்டாம், அணைநீர் நினைவு வருகிறது. ‘ஓய்நீர்’ என்று எழுதிப் பார்த்தேன், இன்னும் மனம் ஒப்பவில்லை. கடலோரத்தில் இதற்கு வாய்மொழியாக ஒரு பெயரைக் கேட்டிருப்பவர்கள் இருந்தால் தயவுசெய்து இந்த இழையிலேயே எழுதுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் என்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.