வீட்டில் இருந்து போய் வருகிறவனுக்கு கம்பஸ் வாழ்க்கை கிடைக்குமா?

நெல்லியடிப் பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், விஞ்ஞான பீடம், முதலாம் வருடம். தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. வீடு நெல்லியடியில், அதனால் ஹொஸ்டல் கேட்கவும் இல்லை. காலையில் ஆறரைக்கு பஸ், பின்னேரம் நாலரைக்குத் திரும்ப பஸ், வீட்டுக்கு வந்தால் அம்மா ஊற்றித் தருகிற தேத்தண்ணி, பிறகு போன். ஏ.எல் படிக்கும்போது ரியூட்டரிக்குப் போய் வந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. வாங்கு கொஞ்சம் நல்லது, அவ்வளவுதான்.

என்னோடு படித்தவர்களில் ஒருவன் மொறட்டுவ, இரண்டு பேர் பேராதனை. அவர்கள் வட்ஸ்அப்பில் போடுகிற ஸ்டேட்டஸைப் பார்த்தால், மகாவலிக் கரை, இரவு பன்னிரண்டு மணிக்குக் கொத்து, ஒரே அறையில் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டு. எனக்கு கம்பஸுக்கு எடுக்கப் பார்க்கிற ஏ.எல் இசட் ஸ்கோர் கொஞ்சம் குறைந்துபோய் வீட்டு வாசலிலேயே விழுந்துவிட்டேன் என்று ஒரு கவலை. வீட்டில் சொன்னால் "செலவு மிச்சம்தானே" என்கிறார்கள்.

இன்னொன்று, விரிவுரை எல்லாம் ஆங்கிலம். நான் ஏ.எல் தமிழில் எழுதியவன். முன்வாங்கில் இருந்தும் பாதிதான் விளங்குகிறது.

கேள்வி இதுதான்: இந்த மூன்றோ நாலோ வருடத்தை வீணாக்காமல் இருக்க என்ன செய்யலாம்? படித்து முடித்தவர்கள் "ச்சே, அதைச் செய்திருக்கலாமே" என்று இப்போது நினைக்கிற விஷயம் எது?

கிளாஸை விட்டவன்:

தம்பி, நானும் உன்ர பீடம்தான், வெளியே வந்து பத்து வருடத்துக்கு மேல். இப்போது பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன்.

உன்ர பிரச்சினை வீடு இல்லை, அந்த நாலரை மணி பஸ். கடைசி விரிவுரை முடிந்து பாதிப் பேர் கிளம்பின பிறகுதான் கம்பஸ் தொடங்குகிறது என்று வைத்துக்கொள். பரமேஸ்வரன் கோவில் பக்கம் இருந்து கதைக்கிறது, மைதானம், நூலகத்தில் இடம் பிடிக்கிறது, யாரோ ஒருவன் ஒரு கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டுகிறது, எல்லாம் பின்னேரத்தில்தான். கிழமையில் இரண்டு நாளாவது அடுத்தடுத்த பஸ்ஸில் போ. என்னுடைய முதல் வருடமும் இப்படித்தான் போனது, அந்த வருடத்தில் பழகின ஒருவருடைய முகமும் இப்போது ஞாபகம் இல்லை.

குப்பிக்கு இரு. குப்பி தெரியும்தானே, பரீட்சை கிட்ட வர சீனியர்மார் சொல்லித் தருகிற வகுப்பு, மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கில் இருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள். ஆங்கிலத்தில் விளங்காதது முக்கால்வாசி அங்கே தமிழில் விளங்கும். ஆனால் அதிலேயே தங்கிவிடாதே, பரீட்சைத் தாள் ஆங்கிலத்தில்தான் வரும். நான் செய்தது, அடுத்த நாள் விரிவுரைக்குரிய பாடத்தை முதல் நாள் இரவு புத்தகத்தில் இரண்டு பக்கம் வாசித்து, தெரியாத சொற்களை மட்டும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போவது. நீ எதிர்மாறாகச் செய்கிறாயோ தெரியவில்லை, அநேகமானவர்கள் விரிவுரை முடிந்து வந்துதான் அகராதி தேடுவார்கள், அது களைப்பு. ஒரு செமஸ்ரர் பொறு, காது பழகிவிடும். இரண்டாம் வருடம் நீயே ஜூனியர்மாருக்குக் குப்பி எடு. எனக்கு குவாண்டம் உண்மையாக விளங்கினது அப்படி ஒரு பின்னேரம் கரும்பலகைக்கு முன்னால் மாட்டுப்பட்டு நின்றபோதுதான்.

நீ கேட்ட "ச்சே" என்னுடையது இது: மூன்றாம் வருடம் ஓ.எல் பிள்ளைகளுக்கு ரியூசன் எடுக்கத் தொடங்கினேன். முதலில் கிழமைக்கு இரண்டு நாள். கையில் காசு வந்தது, மோட்டார்சைக்கிள் வந்தது, இரண்டு நாள் ஐந்து நாளானது. செக்கண்ட் அப்பர் கிளாஸுக்கு ஜி.பி.ஏ 3.30 வேண்டும், எனக்கு வந்தது 3.26. கிளாஸ் எடுக்கப் போய் கிளாஸை விட்டவன் நான். பெயரைப் பார்.

இன்னொன்று, கைலாசபதி கலையரங்கில் என்ன நடந்தாலும் போய் இரு, நாடகமோ பேச்சோ. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கினபோது முதல் தலைவராக இருந்தவருடைய பெயர் அது, தினகரன் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்த மனிசன், விமர்சகர். நான் படித்த காலத்தில் எங்கட பட்ச் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. கலைப்பீடத்துப் பெடியளோடு ஒரு பிளேன்ரீ குடித்தால் குறைந்துபோக மாட்டோம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

நேர்கோடு:

இதெல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்கு. தம்பி, முதல் இரண்டு வருடப் பெறுபேற்றை வைத்துத்தான் ஸ்பெஷல் டிகிரிக்கு, அதுதான் நாலு வருடப் படிப்புக்கு, எடுப்பார்கள். மைதானம், நாடகம் என்று திரிந்து இரண்டு பாடம் ரிப்பீட் வந்தால் பிறகு யாரும் உன்னோடு பிளேன்ரீ குடிக்க வரப்போவதில்லை. வருகை 80 வீதத்தை விடாதே, அசைன்மென்ட்டை நேரத்துக்குக் கொடு, வீட்டுக்குப் போ, படி. வீட்டுச் சாப்பாட்டோடு படிக்கக் கிடைத்தது அதிர்ஷ்டம்.

ஹட்டன் பிள்ளை:

நேர்கோடு அண்ணா சொல்வதில் கடைசி வரி மட்டும் சரி :)

தம்பி, நான் ஹட்டனில் இருந்து வந்து கலைப்பீடத்தில் படித்தேன். கம்பஸ் இருக்கிற திருநெல்வேலியில் போர்டிங். வீட்டுக்கார அம்மா ஆறரைக்கு கேற்றைப் பூட்டிவிடுவா, அதனால் போர்டிங்கில் இருந்தால் இரவு முழுக்கச் சுதந்திரம் என்று நினைக்காதே. ஒரு சோற்றுப் பார்சலை இரண்டு பேர் பிரித்துச் சாப்பிட்ட மாதக் கடைசிகள் உண்டு, மகாபொல புலமைப்பரிசில் காசு வருகிற நாளைத்தான் நாங்கள் பெருநாள் என்று சொல்வோம்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பின்னேரம் வீட்டுக்குப் போய்விடுவார்கள், நாங்கள் எங்களுக்குள்ளேயே இருப்போம். முதல் வருடம் முழுக்க அப்படித்தான். இரண்டாம் வருடம் கரவெட்டியில் இருந்து வருகிற ஒருத்தி ஒரு சனிக்கிழமை எங்கள் நாலு பேரையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒடியற் கூழ், நான் வாழ்க்கையில் முதல்முதல் குடித்தது, பிலாவிலையில். அவளுடைய அம்மா எங்கட தேயிலைத் தோட்டத்துக் கதைகளை இரவு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தா. இப்போது அவளுடைய பிள்ளைக்கு நான் பெரியம்மா. உனக்கு நெல்லியடியில் வீடு இருக்கிறது, அம்மா இருக்கிறா, தேத்தண்ணி இருக்கிறது. தூர இடத்தில் இருந்து வந்த ஒருவனைக் கூட்டிக்கொண்டு போ. பேராதனையில் இருக்கிற உன்ர கூட்டாளிக்கு அது முடியாது.

உங்கள் பட்சில் சிங்களப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் கடையில் சாமான் வாங்கக்கூட மொழி தெரியாமல் நிற்பதைப் பார்த்திருப்பாய். நான் ஒருத்திக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், அவள் எனக்குச் சிங்களம். அரச வேலைக்குப் போனால் இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்பார்கள், அப்போது காசு கட்டி வகுப்புக்குப் போனவர்களைப் பார்த்து நான் சிரித்தேன்.

தெற்கால் வந்தவன்:

ஸ்டேட்டஸ் விஷயத்துக்கு மட்டும் பதில். அந்த மாதிரிப் படங்களை ஒரு காலத்தில் நானும் போட்டவன். வேறொரு மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். எட்டுப் பேர் ஒரே அறையில் சிரிக்கிற படம் என்னிடமும் இருக்கிறது. எடுத்தது பகிடிவதை முடிந்து வந்த ஒரு இரவு. அதில் ஒருவன் அடுத்த கிழமை படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போனான். அம்மா பார்ப்பா என்பதற்காகத்தான் சிரித்தோம்.

எங்களுக்குச் சொல்லப்பட்டது, "வராவிட்டால் குப்பி இல்லை, நோட்ஸ் இல்லை, பட்சில் நீ இல்லை" என்று. நான் பயந்து போனேன். போகாமல் நின்ற மூன்று பேருக்கு நல்ல சீனியர் ஒருவர் எல்லா நோட்ஸும் கொடுத்தார் என்று பிறகுதான் தெரிந்தது. எந்தக் கம்பஸாக இருந்தாலும், 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம், சிறைக்குப் போகிற அளவுக்குக் குற்றம். உனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்றால் சந்தோஷம். இருந்தால் மாணவ ஆலோசகரிடம் எழுத்தில் கொடு, வீட்டிலும் சொல். ஒவ்வொரு இரவும் வீட்டுக்குப் போகக் கிடைப்பதை நீ குறையாகச் சொல்கிறாய், எனக்கு அந்த முதல் மூன்று மாதமும் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கிளாஸை விட்டவன்:

நேர்கோடு, ரிப்பீட் வந்தவன் எல்லாம் நாடகம் பார்த்தவன் இல்லை ஐயா. என்ர பட்சில் ரிப்பீட் வந்தவர்களில் பாதிப் பேர் நேரத்துக்கு வீட்டுக்குப் போய் போன் பார்த்தவர்கள். ஆனால் 80 வீதம் பற்றிச் சொன்னது சரி, அதில் விளையாடக் கூடாது.

தம்பி, திருநெல்வேலிச் சந்தியில் ஒரு பழைய சைக்கிளை விட்டு வை. பஸ் விட்டு இறங்கி நடக்கிற நேரம் மிச்சம், பின்னேரம் நல்லூர் வரைக்கும் போய் வரலாம், யாரையும் கெஞ்சத் தேவையில்லை.

நெல்லியடிப் பொடியன்:

எல்லோருக்கும் நன்றி. தெற்கால் வந்தவன் அண்ணா, உங்கட பதிலை வாசித்த பிறகு மொறட்டுவக்காரனுக்கு போன் எடுத்தேன். இருபது நிமிஷம் கதைத்தான், அதில் பதினைந்து நிமிஷம் சாப்பாடு சரியில்லை என்று.

எங்கட குழுவில் மாத்தறையில் இருந்து வந்த ஒருவன் இருக்கிறான், பிராக்டிக்கலில் எனக்குப் பக்கத்து மேசை. இன்றைக்கு அவனோடு அரைகுறை ஆங்கிலத்தில் கதைத்தேன், அவனுடையதும் அரைகுறைதான் என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கும் வாய் திறந்தது. சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். சைக்கிள் அப்பாவுடையது ஒன்று கொட்டிலில் கிடக்கிறது, ரியூப் மாற்ற வேண்டும்.

வீட்டில் சொல்லிவிட்டேன், இனி செவ்வாயும் வியாழனும் பிந்தித்தான் வருவேன் என்று. அம்மா சமையலை விட்டுவிட்டு வந்து கேட்ட முதல் கேள்வி, "யார் அந்தப் பெட்டை?"

ஹட்டன் பிள்ளை:

ஹா ஹா. சரி, யார்?